நாலாம் டேபிளின் இரண்டாவது தோசை

ஜூன் 9, திங்கள்

கொடுத்தேனா, இல்லையா?

ஏழு மணிக்கு சார் வந்தார். நாலாம் டேபிள், சுவரோரம். வெங்காயம் போடாத ரவா தோசை, சர்க்கரை போடாத காபி. பன்னிரண்டு வருஷமாக இதேதான். அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வாசலில் தலை தெரியும்போதே நான் உள்ளே குரல் கொடுத்துவிடுவேன். இன்றும் கொடுத்தேன். தோசை வந்தது. வைத்தேன். சாப்பிட்டார் என்றுதான் நினைக்கிறேன். மேஜை துடைக்கும் கண்ணகி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். காபியும் ஆயிற்று. பேப்பரைப் பிரித்தார். இதுவரைக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

ஏழே முக்காலுக்குக் கையைத் தூக்கினார். "முத்து, தோசை என்னய்யா ஆச்சு? எம்புட்டு நேரமா உக்காந்திருக்கேன்?"

"குடுத்தேனே சார்."

"எங்கய்யா குடுத்த? டேபிளப் பாரு."

டேபிளில் பேப்பர் மட்டும்தான் இருந்தது. மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. முதலாளி அசோக்குமார் கல்லாவை விட்டு எழுந்து வந்து, சாரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு தோசைக்குச் சொன்னார். அப்புறம் என்னைப் பாத்திரம் கழுவும் பக்கம் அழைத்துப் போய், "பத்து நாள்ல இது மூணாவது வாட்டிண்ணே. ஒடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மங்களம் கபேயில் இருபத்தாறு வருஷமாகச் சப்ளையர். எட்டுப் பேர் உட்கார்ந்து எட்டு விதமாகச் சொன்னாலும் துண்டுச் சீட்டு இல்லாமல் உள்ளே சொல்லுவேன், ஆள் மாறாமல் கொண்டுவந்து வைப்பேன். அசோக்குமாரின் அப்பா இருந்தபோது, வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் "எங்க இன்னாசிமுத்துகிட்ட சொல்லிப் பாருங்க" என்று பந்தயம் கட்டாத குறைதான். அந்தத் தலைக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது.

தோசை போனது கூடப் பெரிசில்லை. "குடுத்தேனே சார்" என்று சொன்னேன் பார், அதுதான் தப்பு. எங்கள் தொழிலில் நாக்கில் வரவே கூடாத பேச்சு. சாப்பிட வந்தவரிடம் 'நீங்கள் சாப்பிட்டாயிற்று' என்று சொன்னால், அவர் தின்கிற ஒவ்வொரு வாயையும் நாம் எண்ணிக்கொண்டு நின்றதாக ஆகிவிடும். பெரிய முதலாளி வேலைக்கு வைத்த முதல் நாளே சொன்ன ஒரே சட்டம். இன்று வாய் தவறிவிட்டது.

கடலூரில் லேபில் வேலை செய்கிற என் மகள் ஜெனிஷாவிடம் போனில் சொன்னேன். "எழுதி வைப்பா. தெனமும் எழுது. யாருக்கு மறக்குதுன்னு தெரிஞ்சிடும்" என்றாள். எப்போதோ அவள் கொண்டுவந்து போட்ட டைரிதான் இது. போன வருஷத்து டைரி. தேதி சரி, கிழமை தப்பு. கிழமையை அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஏழு ஐந்துக்கு ரவா தோசை. ஏழு இருபதுக்குக் காபி. ஏழு ஐம்பதுக்கு, "தோசை வரலையேய்யா." வாயை மூடிக்கொண்டு இன்னொன்று கொடுத்தேன்.

இதை எழுதும்போது மத்தியானம் மூணு மணி. நினைவிலிருந்து எழுதுகிறேன். மறதிக்காரன் நினைவிலிருந்து எழுதினால் அது என்ன சாட்சி?

ஜூன் 12, வியாழன்

ஆறாம் டேபிளில் ஒருவர் காபி சொல்லிவிட்டுக் காத்திருந்து, எழுந்தே போய்விட்டார். இது சத்தியமாக நான் மறந்ததுதான். நாலாம் டேபிளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அசோக்குமார் பார்த்தார்.

ஜூன் 14, சனி

இரண்டு பேரிடம் விசாரித்தேன். கண்ணகியிடம், "நாலாம் டேபிள்ல சாருக்கு மொத தட்டு எடுத்தியாம்மா?" என்றேன்.

"காலையில எரநூறு தட்டு எடுக்கறேன். இதுல எது மொதலு, எது ரெண்டாவதுன்னு கேக்கற. போ அண்ணே அந்தாண்ட."

தோசை மாஸ்டர் இளவழகன் அதற்கு மேல். "நீ கேட்ட, நான் போட்டேன். நான் கல்லப் பாத்துகினு நிக்கறதா, டேபிளப் பாத்துகினு நிக்கறதா? ஏன், கணக்கு உதைக்குதா?"

ஒரே கூரைக்குக் கீழே இத்தனை பேர் வேலை செய்கிறோம். ஒரு தோசை வயிற்றுக்குள் போனதா இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கேமரா ஒன்று இருக்கிறது. அது கல்லாவைத்தான் பார்க்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

முதல் பூசைக்குப் போய்விட்டு வேலைக்கு ஓடினேன். விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி விட்டுப்போனது. நாற்பது வருஷமாகச் சொல்கிற ஜெபம்.

வீட்டுக்கு வந்து என்னை நானே சோதித்துப் பார்த்தேன். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எந்த டேபிளில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று என் பெண்டாட்டி மார்த்தாளிடம் ஒப்பித்தேன். ஒன்பது டேபிளும் வந்தது. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அது கெடக்கட்டும், நேத்து ராத்திரி நான் இன்னா கொழம்பு வச்சேன், சொல்லு" என்றாள்.

யோசித்தேன். வரவில்லை.

"ஊர்ல எவன் எவன் இன்னா தின்னான்னு மனப்பாடம் பண்ணிகினு வர. வூட்ல தின்னது தெரியல. உனுக்கு மறதி இல்ல, கொழுப்பு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சிரிப்பு இல்லை.

ஜூன் 18, புதன்

அடுத்த மாதம் முதல் எல்லாச் சப்ளையருக்கும் கையில் டேப் என்று ஒரு தொடுதிரைப் பலகை கொடுக்கப் போகிறார்களாம். டேபிள் எண்ணைத் தொட வேண்டும், தோசையைத் தொட வேண்டும், உள்ளே சீட்டு அடித்து வருமாம். "உங்களுக்காகத்தான்ணே சொல்றேன், ஞாபகம் வச்சிக்கிற பாரமே இல்ல" என்றார் அசோக்குமார். பாரமா? அதுதானேய்யா என் வேலை!

ஜூன் 20, வெள்ளி

ஒரு யோசனை. நாளைக்குத் தட்டை எடுக்கவிடக் கூடாது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் தட்டைப் போட்டுவைத்தால் அசோக்குமார் கத்துவார். கத்தட்டும். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜூன் 21, சனி

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஏழு பத்துக்குத் தோசை வைத்தேன். நின்று பார்த்தேன். ஓரத்தைப் பிய்த்துத் தேங்காய்ச் சட்னியில் தொட்டு, நடுப்பகுதியைச் சாம்பாரில் நனைத்து, முழுக்கச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து காபி குடித்தார். கண்ணகி வந்தாள், கண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். சட்னி வழித்த தட்டு அவர் முன்னாலேயே கிடந்தது. பேப்பர் படித்தார். நான் மூணாம் டேபிளைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு ஐம்பது. பேப்பரை மடித்தார். கையைத் தூக்கினார்.

"முத்து, தோசை?"

நான் தட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. புது இடத்தில் இறங்கின ஆள் பஸ் எந்தப் பக்கம் போகுமென்று பார்ப்பார் இல்லையா, அப்படி. அப்புறம் கேட்டார்:

"இது யாரு சாப்பிட்ட தட்டுய்யா? எடுக்காம வச்சிருக்கீங்க?"

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. "முன்னாடி உக்காந்தவங்களுது சார். மன்னிச்சிக்குங்க. என் தப்புதான்" என்றேன். தட்டை எடுத்தேன். டேபிளைத் துடைத்தேன். உள்ளே போய், "நாலுக்கு ஒரு ரவா, வெங்காயம் இல்லாம" என்றேன்.

எனக்கு இல்லை. மறதி எனக்கு இல்லை. சைக்கிளில் வரும்போது சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது திடீரென்று வெட்கமாகப் போய்விட்டது. டேய் இன்னாசி, எதுக்குடா சந்தோஷப்படற?

ஜூன் 24, செவ்வாய்

சர்க்கரை போடாத காபி குடிக்கிற மனிதர். அவருக்குத் தினம் இரண்டு தோசை.

இளவழகனிடம், சாருக்கு வயிறு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னேன். "ஒரு தோசை மாவ ரெண்டா ஊத்து மாஸ்டர். பாதிய மொதல்ல குடு, பாதிய அரை மணி கழிச்சிக் குடு."

"ரெண்டு தவணையா? ஆஸ்பத்திரி மருந்தா இது?" என்றான். ஆனால் ஊற்றினான். நல்ல மனசு, வாய்தான் கெட்டது.

முதல் பாதியை வைத்தேன். இரண்டாவதும் வைத்தேன். "தோசை சிறுத்துப்போச்சேய்யா" என்றார். "வெலைவாசி சார்" என்றேன். "கேக்குறதுக்கு ஆளில்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். மொத்தத்தில் ஒரு தோசைதான் உள்ளே போனது. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நான் பரிமாறியதில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஆறு நாளாகப் பாதி, பாதி. ஒரு சிக்கலும் இல்லை. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல் இருக்கிறேனோ? யார் சொல்ல வேண்டியவர்கள்? சட்னியில் எது பிடிக்கும், சாம்பார் எவ்வளவு ஊற்ற வேண்டும், மழை நாளில் பேப்பரை எங்கே வைப்பார், எல்லாம் தெரியும். பேர் தெரியாது. வீடு தெரியாது. மைன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்பது ஒன்றுதான் தெரியும். சப்ளையர் பேர் கேட்கலாமா? ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூலை 2, புதன்

டேப் வந்துவிட்டது. தோசையில் பதினொரு விதம் இருக்கிறது. பாதித் தோசை இல்லை.

ஜூலை 5, சனி

அசோக்குமார் கண்டுபிடித்துவிட்டார். "நாலாம் டேபிளுக்கு ஒரு சீட்டுதான் அடிக்குது. ரெண்டு தட்டு போவுது. நானே நின்னு பாத்தேன். இன்னாண்ணே நடக்குது?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் இரண்டு சப்ளையர்கள், கண்ணகி, பால்காரர். சொன்னால் என்ன ஆகும்? நாளைக்குக் காலையில் அவர் உள்ளே நுழையும்போது ஒன்பது டேபிளும் பார்க்கும். எவனாவது ஒருவன், "சார், சாப்ட்டீங்களா, இன்னும் இல்லையா?" என்று கேட்டுச் சிரிப்பான். நிச்சயம் சிரிப்பான். எனக்கு இந்தக் கூட்டத்தைத் தெரியும்.

"மொத தடவ வச்சத மறந்துட்டு மறுபடி வச்சிட்டேன் தம்பி" என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "பதினாலாம் தேதியிலேர்ந்து பார்சல் பக்கம் உக்காந்துக்குங்கண்ணே. நிக்கவும் வேணாம். சம்பளம் அதேதான்" என்றார்.

பார்சல் கட்டுவது. சட்னியைப் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுவது. சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்க்காத வேலை.

ஜூலை 6, ஞாயிறு

மார்த்தாளுக்குத் தெரிந்து ஒரே சண்டை. "நெசத்தச் சொல்றதுக்கு இன்னா? உன் பேரக் கெடுத்துகினு யாரத் தாங்கற? அவரு உனுக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"பேராச்சும் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் கேட்பதும் நியாயம்தான். நான் செய்வதும் நியாயமாகத்தான் தெரிகிறது. இரண்டும் எப்படி நியாயமாக இருக்கும்? ஒன்றும் புரியலடா சாமி.

ஜூலை 9, புதன்

மறக்காமல் வரிசையாக எழுத வேண்டும்.

எட்டேகாலுக்கு சார் மூக்குக் கண்ணாடியை டேபிளிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு ஓடினேன். மைன்ஸ் பஸ் ஸ்டாப்பில், ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையுமாக நிற்கிற காண்ட்ராக்ட் ஆட்களோடு இவரும் நிற்கிறார். ஒரு பையன், "பெரியவரு தெனமும் நிப்பாருண்ணே. வண்டி போனதும் அவரே நடையைக் கட்டுவாரு" என்றான்.

இன்று நடையைக் கட்டவில்லை. வண்டி வந்ததும் படியில் கால் வைத்துவிட்டார். டிரைவர் பதறிப்போய், "சார், வேணாம் சார், எறங்குங்க" என்று கெஞ்சினார். நான் கையைப் பிடித்து இறக்கினேன். வண்டி போய்விட்டது.

என்னைப் பார்த்து, "முத்து, நீ என்ன ஷிப்ட்டு?" என்றார்.

"பர்ஸ்ட் ஷிப்ட் சார்."

"நானும்தான். லேட்டாயிருச்சே" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். முன்னால் நடந்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. இருபத்தொன்றாம் பிளாக், மூணாவது தெரு, கொய்யா மரம் வைத்த குவார்ட்டர்ஸ். கேட் கொக்கியைத் தானே கையை விட்டுத் திறந்தார். கதவைத் திறந்தது கைக்குழந்தையோடு ஒரு பெண். "ஐயோ, மறுபடியும் வந்துட்டாரா?" என்றது.

அது அவர் வீடு இல்லை. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அவர் இருந்த குவார்ட்டர்ஸ். ஆறு வருஷமாக வேறு ஆட்கள். அந்தப் பெண்ணிடம் சாருடைய மகளின் நம்பர் இருந்தது. இது நாலாவது தடவையாம். நாற்காலி போட்டு உட்கார வைத்தது. சார் அந்தச் சுவரையெல்லாம் பார்த்துவிட்டு, "பெயிண்ட மாத்திட்டாங்களே" என்றார்.

மகள் ஸ்கூட்டியில் வந்தார். தேவயானி. கம்பெனி ஆபீஸில் வேலை. பதினொன்றாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். அப்பா பேர் வெள்ளைச்சாமி என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஹோட்டலில் இருந்து மூணு தடவை போன். எடுக்கவில்லை.

கிளம்பும்போது தேவயானி சொன்ன ஒரு வார்த்தை: "காலையில நாலு இட்லி குடுத்துத்தான்ணே வாக்கிங் அனுப்பறேன். ரெண்டு மணி நேரத்துல வந்துடுவாரு. எப்பவாவதுதான் இப்படி."

நாலு இட்லியா?

ஜூலை 10, வியாழன்

நாலு இட்லி. அதற்குமேல் என் தோசை. பாதி பாதியாகக் கொடுத்துப் பெரிய புத்திசாலி என்று இருந்தேனே. அதற்கு முன்னால் எத்தனை நாள் இரண்டு முழுத் தோசை?

இன்றும் வந்தார். பாதி கொடுத்தேன். கை வரவில்லை. ஆனால் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? சாப்பிட உட்கார்ந்தவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லையே எனக்கு.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் டைரியை எடுத்துக்கொண்டு பதினொன்றாம் பிளாக்குக்குப் போனேன். சார் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

தேவயானி முதலில் புரியாத மாதிரி பார்த்தார். அப்புறம் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்?

"சுகர் முந்நூத்தம்பதுக்குக் கீழ எறங்கல. மாத்திரைய மூணு வாட்டி கூட்டியாச்சு. மிட்டாய் ஒளிச்சி வச்சிச் சாப்பிடறாருன்னு பீரோவ எல்லாம் கொட்டித் தேடினேன். அவரத் திட்டினேன். ஒரு நாள் கையைக்கூட ஓங்கிட்டேன். உங்களுக்கு இருபது நாளாத் தெரியுமா?"

"உங்க வீடு தெரியாதும்மா."

சொல்லிவிட்டேன். ஆனால் அது பொய். டவுன்ஷிப்பில் ஒரு மனிதர் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாதா? பஸ் ஸ்டாப்பில் கேட்டிருந்தால் பத்து நிமிஷம். நான் கேட்கவில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டைரியைக் கேட்டார். டாக்டர், 'எப்போதிலிருந்து மறதி' என்று கேட்கிறாராம், தேவயானிக்குச் சொல்லத் தெரியவில்லையாம். கொடுத்தேன். நின்றுகொண்டே பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தார். தட்டு விஷயம் எழுதிய பக்கம் வந்ததும் நிறுத்திப் படித்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா தெரியவில்லை, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"இனிமே குடுக்காதீங்க" என்றார், தலையைத் தூக்காமலே.

ஜூலை 14, திங்கள்

பார்சல். நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். சார் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

வரவில்லை. நாலாம் டேபிளில் எவனோ பூரி சாப்பிடுகிறான்.

ஜூலை 22, செவ்வாய்

காட்டிக்கொடுத்தேனா, காப்பாற்றினேனா? முதலிலேயே சொல்லியிருந்தால் சர்க்கரை ஏறியிருக்காது. சொல்லாமலே இருந்திருந்தால் மனிதர் காலையில் ஏழு மணிக்கு ஒரு இடத்தில் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார். இப்போது என்ன செய்கிறார்? கேட்டைப் பூட்டி வைத்திருப்பார்களோ? மார்த்தாளிடம் கேட்டால், "நீ செஞ்சது சரிதான், தூங்கு" என்கிறாள். எதைச் செய்தது சரி என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

தேவயானி ஹோட்டலுக்கே வந்துவிட்டார். பார்சல் வாங்க வந்த மாதிரி என் முன்னால் நின்றார்.

சர்க்கரை இறங்கியிருக்கிறதாம். ஆனால் சார் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. தினமும் ஏழு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்டின கேட்டின் முன்னால் நிற்கிறாராம். "முத்து தோசைக்குச் சொல்லியிருப்பான், ஆறிப்போயிரும்" என்கிறாராம்.

எனக்கு ரப்பர் பேண்டு கையிலிருந்து தெறித்து எங்கேயோ போய்விட்டது.

"இட்லிய நிறுத்திடறேன்ணே. நானே கூட்டிட்டு வரேன், கூட உக்காந்துக்கறேன். பழக்கத்த மாத்த வேணாம்னு டாக்டரும் சொல்றாரு. ஒரு தோசை, ஒரு காபி. ஆனா ரெண்டாவது கேப்பாரு. நான் இல்லன்னு சொன்னா கத்துறாரு. திங்கறதுக்குக்கூட எனக்குக் குடுப்பினை இல்லையான்னு அழுவறாரு. நீங்க சொன்னா கேப்பாரோ என்னமோ."

"என்ன சொல்லணும்?"

"சாப்ட்டீங்கன்னு சொல்லணும்."

அசோக்குமார் கல்லாவிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தேவயானி போனதும் வந்தார். முகமே சரியில்லை. "ஏண்ணே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? நான் உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சின்னு எங்க வூட்ல சொல்லி வருத்தப்பட்டுகினு இருந்தேன்." நான் சட்னிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். "நாலாம் டேபிளுக்கு நீங்களே போங்க. டேப் வேணாம்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாளைக்கு வருகிறார்கள். பூசையில் அதே ஜெபத்தை முழுசாகச் சொன்னேன். ஒரு வரியும் போகவில்லை. ஆனால் நாளைக்குச் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஜூன் மாதம் அந்தத் தட்டைப் பார்த்தபோது அவர் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்குத்தானே தெரியும். ஒன்பது டேபிள் முன்னால், மறுபடியும் அதே மனிதரிடம் – எப்படிச் சொல்வது? மெதுவாகவா, சிரித்துக்கொண்டா, குனிந்து காதோடா?

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏழு ஐந்துக்கு வந்தார்கள். அவர் தலை தெரிந்ததும் உள்ளே குரல் கொடுத்தேன். "நாலுக்கு ஒரு ரவா, வெங்காயம் இல்லாம, முழுசா!" இளவழகன் எட்டிப் பார்த்துவிட்டு மாவைக் கலக்கினான்.

"எங்கய்யா போயிருந்த?" என்றார் சார். நான் போயிருந்தேனாம். "பார்சல் பக்கம் சார்" என்றேன்.

சாப்பிட்டார். காபி குடித்தார். கண்ணகி தட்டை எடுத்துப் போனாள். பேப்பரைப் பிரித்தார். தேவயானி தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு ஐம்பது. கையைத் தூக்கினார்.

"முத்து, தோசை என்னய்யா ஆச்சு?"

பக்கத்தில் போய் நின்றேன். குனியவில்லை, சிரிக்கவில்லை. உள்ளே எது தீர்ந்துபோனாலும் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன்.

"சாப்ட்டீங்க சார்."

அவர் டேபிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகம் வந்தது, பஸ் தெரியாத முகம். தேவயானி எழுந்திருக்கப் போனார். நான் கையைக் காட்டி உட்கார வைத்தேன்.

"சாப்பிட்டேனா?"

"சாப்ட்டீங்க. நான்தான் வச்சேன். கூடவே நின்னேன்."

என் பேச்சை நம்பிவிட்ட மாதிரி, மெதுவாகக் கேட்டார்:

"நல்லா இருந்துச்சா?"

"முறுகலா இருந்துச்சு சார். ஓரத்த மொதல்ல சாப்ட்டீங்க."

"அப்பச் சரி" என்றார். பேப்பரை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து பிரித்தார்.